பச்சை மண்

சென்னையில் சூளை என்று ஓர் இடம் இருக்கிறது. சூளைமேடு என்று இன்னொன்று. புரசைவாக்கம் பக்கத்தில் கொசப்பேட்டை. தினமும் எத்தனையோ பேர் "சூளைமேடு ஒண்ணு" என்று டிக்கெட் வாங்குகிறார்கள். சூளை என்றால் நெருப்பு, அதில் ஏதோ வெந்திருக்க வேண்டும் என்ற நினைப்பு யாருக்கும் வருவதில்லை. கொசப்பேட்டையிலாவது பிள்ளையார் சதுர்த்திக்கு முன்னால் போனால் களிமண் பிள்ளையார்கள் தெருவில் காய்வதைப் பார்க்கலாம். மற்ற இரண்டு இடத்திலும் பெயர் மட்டும்தான் மிச்சம்.

வார்த்தைகளுக்கு இப்படி ஒரு குணம் உண்டு. பொருள் போன பிறகும் கொஞ்ச காலம் தெருமுனையில் நின்று பார்க்கும். யாரும் விசாரிக்கவில்லை என்றால் அதுவும் கிளம்பிவிடும்.

ஓவியக் கல்லூரி ஒன்றில் செராமிக் சொல்லிக்கொடுக்கிற நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு போன் செய்தார்.

"ரெண்டு பக்கத்துக்கு ஒரு வார்த்தைப் பட்டியல் அனுப்புறேன். ஒவ்வொண்ணுக்கும் தமிழ்ல என்னன்னு எழுதிக் குடேன்."

பட்டியல் வந்தது. கிளே, ஸ்லிப், வெட்ஜிங், சென்டரிங், த்ரோயிங், லெதர் ஹார்டு, போன் டிரை, கிரீன்வேர், பிஸ்க், கிளேஸ், கில்ன், எர்த்தன்வேர், ஸ்டோன்வேர், போர்சலின்... மொத்தம் நாற்பது. முதல் வருடம் சேர்கிற பிள்ளைகள் முதல் மாதத்திலேயே மனப்பாடம் செய்ய வேண்டிய வார்த்தைகள்.

"பரீட்சையே இங்கிலீஷ்லதானே? அப்புறம் எதுக்குத் தமிழ்?" என்று கேட்டேன்.

"ஒரு பொண்ணுக்காக" என்றார். "கிராமத்துலேர்ந்து வந்தவ. தமிழ் மீடியம். சக்கரத்துல உட்கார்ந்தா இருபது நிமிஷத்துல மூணு பானை எடுக்கிறா. மத்த பசங்க அதுக்குள்ள மண்ணை நடுவுல நிறுத்தவே படாத பாடு படறாங்க. ஆனா வார்த்தைப் பரீட்சை வச்சோம். இருபத்தஞ்சுக்கு நாலு மார்க். லெதர் ஹார்டுன்னா என்னம்மான்னு கூப்பிட்டுக் கேட்டா தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறா. அன்னிக்குக் காலையிலதான் லெதர் ஹார்டுல இருக்கிற ஒரு ஜாடிக்கு, கொஞ்சம்கூட விரிசல் விழாம கைப்பிடி ஒட்டிட்டு வந்திருக்கா!"

"அப்புறம்?"

"இப்ப டி.சி. வாங்கிட்டு ஊருக்குப் போறேங்கிறா. எனக்கு இதெல்லாம் வராது சார்ங்கிறா."

எது வராது? மண் வருகிறது, சக்கரம் வருகிறது, கைப்பிடி வருகிறது. வராதது அந்த நாற்பது வார்த்தை மட்டும்தான்.

*

நண்பரின் துறையில் ஏற்கெனவே ஒருவர் முயற்சி செய்திருந்தார். லெதர் ஹார்டுக்கு 'தோற்கடின நிலை', போன் டிரைக்கு 'எலும்புலர் நிலை' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பிள்ளைகள் படித்துப் பார்த்துவிட்டு, "சார், இதுக்கு இங்கிலீஷே தேவலை" என்று சொல்லிவிட்டார்களாம். த்ரோயிங் என்பதற்கு ஒரு பையன் 'வீசுதல்' என்று விடை எழுதியிருந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குத் திருகுதல், சுழற்றுதல் என்றுதான் அர்த்தம். எறிதல் என்கிற அர்த்தம் பின்னால் வந்தது. இங்கிலீஷ்காரப் பிள்ளைக்கே அதை விளக்கித்தான் சொல்ல வேண்டும்.

அகராதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நானும் இன்னொரு 'எலும்புலர் நிலை'யைத்தான் தயாரிப்பேன் என்று தோன்றியது. "வார்த்தை இருக்கிற இடத்துக்கே போயிடலாம்" என்றேன். நண்பர், ஒன்பது மாணவர்கள், நான். ராத்திரி ராமேஸ்வரம் ரயில் ஏறி, காலையில் மானாமதுரையில் இறங்கினோம். அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து யாரிடமும் பேசாமல் வந்தாள்.

கச்சேரி மேடையில் ஒலிக்கிற கடத்துக்குப் பேர் போன ஊர் மானாமதுரை. பானை, சட்டி, அகல் விளக்கு, குதிரை பொம்மை என்று எல்லாமே தெருவில் காய்கிறது. நாங்கள் போன வீட்டில் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் இருந்தார். சக்கரத்துக்கு மோட்டார் போட்டிருந்தார். கம்பு கொடுத்துச் சுற்றுகிற பழைய சக்கரம் சுவரோரமாகச் சாய்ந்து கிடந்தது.

"என்னத்தா படிக்கிறீக எல்லாரும்?"

"செராமிக் ஐயா."

"அப்படின்னா?"

"மண்ணுல பாத்திரம் செய்யறது ஐயா."

"அதைப் படிக்கவா மெட்ராஸ் போனீக?" என்று சிரித்தார். பிள்ளைகளும் சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை.

ஆளுக்கு ஓர் உருண்டை மண் கொடுத்தார். மற்றவர்கள் உருட்டி விளையாடிக்கொண்டிருக்க, அவள் கையை நனைத்துக்கொண்டு உள்ளங்கை அடியால் மண்ணை அழுத்தினாள். திருப்பினாள். மறுபடி அழுத்தினாள். ஒரு நூலால் நடுவில் அறுத்து, அறுத்த முகத்தை உற்றுப் பார்த்தாள். சின்னதாக ஒரு கல் தெரிந்தது. நகத்தால் எடுத்துப் போட்டுவிட்டு இரண்டு பாதியையும் 'பொத்' என்று ஒன்றின் மேல் ஒன்று அடித்துச் சேர்த்தாள்.

பெரியவர் சக்கரத்தை நிறுத்திவிட்டார்.

"நீ எந்த ஊருத்தா?"

பக்கத்துத் தாலுகாவில் ஓர் ஊர்ப் பெயரைச் சொன்னாள்.

"யாரு மக?"

சொன்னாள்.

"அட... உங்க அப்பத்தா எனக்கு அக்கா முறையில்ல வேணும்!"

நண்பர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். கல்லூரி விண்ணப்பத்தில் அப்பா தொழில் என்ற இடத்தில் அவள் 'கூலி' என்று எழுதியிருந்தாளாம். "ஏம்மா சொல்லலை?" என்று கேட்டார்.

"பானை செய்யறவர் மக பானை செய்யறதுக்கா காலேஜுக்கு வந்திருக்கான்னு சிரிப்பாங்க சார். அதான்" என்றாள்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பெரியவர்தான் "வாத்தா, இப்படி வந்து உட்காரு" என்று தன் பக்கத்தில் இடம் காட்டினார். அதுவரை ஐயா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், அதற்குப் பிறகு தாத்தா என்று கூப்பிட்டாள்.

*

அன்று சாயங்காலம் வரைக்கும் வார்த்தை சேர்த்தோம். பட்டியலில் இருந்த வரிசையை விட்டுவிட்டோம். மண் வீட்டுக்குள் வந்ததிலிருந்து பானையாகி வெளியே போகிற வரைக்கும் என்ன நடக்கிறதோ அந்த வரிசையில் கேட்டோம்.

பட்டியலில் முதல் வார்த்தை கிளே. பெரியவர் அதை ஒரே வார்த்தையாக எடுத்துக்கொள்ளவில்லை. களிமண், வண்டல், மணல் என்று தனித்தனியாகச் சொன்னார். வெறும் களிமண்ணில் செய்தால் காயும்போதே வெடிப்பு விடும். மணல் கூடிப்போனால் மண் ஒட்டாது, சக்கரத்தில் எழும்பாது. இரண்டையும் எந்த அளவில் சேர்ப்பது என்பது கண்மாய்க்குக் கண்மாய் மாறும். கல்லூரியில் இப்படிக் கலப்பதை டெம்பர் என்கிறார்கள். பட்டியலில் அதுவும் இருந்தது, இருபத்திரண்டாவதாக.

அடுத்து ஊறப் போடுவது. "மண்ணு நல்லாத் தண்ணி குடிக்கணும்த்தா. அப்பத்தான் நாம சொன்னபடி கேக்கும்" என்றார். இதற்கு நண்பர் விளக்கம் சொன்னார். களிமண் என்பது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகளின் அடுக்கு. தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் தண்ணீர் புகுந்தால் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். ஈரக் கண்ணாடி இரண்டை ஒட்டி வைத்தால் வழுக்குமே தவிர, சுலபமாகப் பிரியாது இல்லையா, அது மாதிரி. வளைத்தால் வளைகிறது, விட்டால் அப்படியே நிற்கிறது. அதைத்தான் பிளாஸ்டிசிட்டி என்கிறார்கள். பெரியவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "அதத்தானே நானும் சொன்னேன்" என்றார்.

வெட்ஜிங் என்பது மிதிக்கிறது. கல்லூரியில் மேஜை மேல் வைத்துக் கையால் பிசைகிறார்கள். இங்கே குவியலைக் காலால் மிதிக்கிறார்கள். ஈரம் எல்லா இடத்திலும் சமமாகப் பரவ வேண்டும், கல், வேர், காற்று எதுவும் உள்ளே தங்கக் கூடாது. இரண்டு வேலைக்கும் நோக்கம் ஒன்றுதான்.

சென்டரிங்கிற்கு அவர் பெயர் எதுவும் சொல்லவில்லை. "நடுவுல நிக்கணும். நிக்கலைன்னா வாய் ஒரு பக்கம் கோணிக்கும்" என்றார். த்ரோயிங் என்பது வனைகிறது. இது சங்க காலத்திலிருந்து இருக்கிற சொல். வீசுதல் என்று எழுதிய பையன் நோட்டில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டான். நூல் கொடுத்துப் பானையைச் சக்கரத்திலிருந்து பிரித்தால் அது அறுக்கிறது.

அறுத்த பானையைப் பார்த்தால் நாம் கடையில் வாங்குகிற பானை மாதிரி இருக்காது. அடி உருண்டையாக இருக்காது. அது நிழலில் கொஞ்சம் உலர வேண்டும். பிறகு உள்ளே ஒரு கையால் கல்லைப் பிடித்துக்கொண்டு, வெளியே மரப் பலகையால் தட்டித் தட்டித்தான் வயிறும் அடியும் உருண்டு வரும். பானையை அடுப்பில் வைத்தால் உருண்டையான அடிதான் சூட்டைச் சமமாக வாங்கும், மூலை இருந்தால் அங்கே விரியும். தரையில் அது உருளாமல் இருக்கத்தான் வைக்கோல் பிரிமணை.

எத்தனை நேரம் உலர வேண்டும் என்று ஒரு மாணவன் கேட்டான். அதற்குப் பெரியவர் சொன்ன பதிலில்தான் எங்கள் பிரச்னை தீர்ந்தது.

"அதுக்கு மணிக்கணக்கு கிடையாது தம்பி. தட்டுற பதம் வரணும்."

பதம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அதே பதம். பாகுக்குக் கம்பிப் பதம் பார்க்கிறோமே, அதே பதம். நாங்கள் விடாமல் கேட்கக் கேட்க அவர் வரிசையாகச் சொன்னார். மிதிக்கிற பதம். வனைகிற பதம். தட்டுற பதம். காவி பூசுற பதம். சூளைக்குப் போற பதம்.

நண்பருக்கு முகமே மாறிவிட்டது. பட்டியலில் பிள்ளைகளைப் பயமுறுத்திய வார்த்தைகள் பெரும்பாலும் இந்த நிலைகளின் பெயர்கள்தான். தட்டுற பதம் என்பது ஏறக்குறைய லெதர் ஹார்டு. சூளைக்குப் போற பதம் என்பது போன் டிரை. இங்கிலீஷ் அந்த நிலையை இன்னொரு பொருளுக்கு ஒப்பிட்டுப் பெயர் வைக்கிறது. தோல் மாதிரி இருக்கிறது, எலும்பு மாதிரி உலர்ந்திருக்கிறது என்கிறது. பெரியவர் கை அடுத்து என்ன செய்யலாம் என்பதைப் பெயராக வைக்கிறார். தோல் மாதிரி என்று சொன்னால் பார்க்காதவனுக்குக்கூட ஒரு படம் கிடைக்கும். தட்டுற பதம் என்று சொன்னால் தட்டத் தெரிந்தவனுக்குத்தான் புரியும். இரண்டில் எது உசத்தி என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பெண் பரீட்சையில் ஏன் தலை குனிந்து நின்றாள் என்பது அப்போது புரிந்தது. 'லெதர் ஹார்டுன்னா என்ன?' என்பதற்குப் பதிலாக, 'கைப்பிடியை எப்போ ஒட்டுவே?' என்று கேட்டிருந்தால் இருபத்தைந்துக்கு இருபத்தைந்து வாங்கியிருப்பாள்.

நன்றாகக் காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? "கன்னத்துல வச்சுப் பாரு" என்றார். குளுகுளுவென்று இருந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது. உலகம் பூராவும் மண் வேலை செய்கிறவர்கள் இதே சோதனையைத்தான் செய்கிறார்கள் என்றார் நண்பர். அவரே இன்னொன்றும் சொன்னார். சூளையில் பானை வெடித்தால் உள்ளே காற்றுக் குமிழி இருந்தது என்று எல்லோரும் காற்றின் மேல் பழி போடுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி ஈரம்தான். நூறு டிகிரி தாண்டியதும் அது ஆவியாகி, வெளியே போக வழி இல்லாமல் பானையைப் பிளக்கிறது. பெரியவர் அவசரப்படாமல் கன்னத்தில் வைத்துப் பார்ப்பதன் காரணம் அதுதான்.

*

கிரீன்வேர் என்ற வார்த்தைக்கு வந்தோம். சுடுவதற்கு முன்னால் இருக்கிற பாத்திரம். பானை பச்சை நிறத்தில் இல்லையே, ஏன் கிரீன் என்று பிள்ளைகள் குழம்பிப்போயிருந்தார்கள்.

அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். "பச்சைப் பானைன்னுதான் சார் எங்க வீட்டுலயும் சொல்வோம்."

இரண்டு மொழிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இரண்டும் ஒரே வார்த்தையைப் பிடித்திருக்கின்றன. பழுக்காத காய் பச்சை. காயாத விறகு பச்சை. வேகாத காய்கறி பச்சை. சுடாத மண்ணும் பச்சை. பிறந்த குழந்தையைக் கையில் வாங்கும்போது பாட்டிகள் சொல்வார்களே, 'பார்த்துத் தூக்கு, பச்ச மண்ணு' என்று. எப்படி வேண்டுமானாலும் உருமாறக்கூடியது, லேசாகத் தொட்டாலும் நசுங்கக்கூடியது. மண் வேலை செய்கிறவர் வீட்டு வார்த்தை தொட்டில் வரைக்கும் வந்திருக்கிறது.

சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்று ஒரு பழமொழி உண்டு. கல்யாணப் பேச்சில், பங்காளிச் சண்டையில் எல்லாம் கேட்டிருப்பீர்கள். அது அப்படியே விஞ்ஞானம். பச்சைப் பானையை உடைத்துத் தண்ணீரில் போட்டால் மறுபடி களிமண்ணாகிவிடும். திரும்ப வனையலாம். சூளையில் சூடு ஏறி 500, 600 டிகிரி செல்சியஸ் வரும்போது, களிமண்ணின் கட்டமைப்புக்குள்ளேயே பிணைந்திருக்கிற தண்ணீர் போய்விடுகிறது. அதற்குப் பிறகு எத்தனை நாள் ஊறப் போட்டாலும் அது மண்ணாகத் திரும்பாது. உடைந்தால் ஓடுதான். திரும்பி வர முடியாத அந்தக் கோட்டைத் தாண்டிய பாத்திரத்தை, மேல்பூச்சு போடுவதற்கு முன்னால், கல்லூரியில் பிஸ்க் என்கிறார்கள். பிஸ்கட் என்பதன் சுருக்கம். இரண்டு முறை வேகவைத்தது என்று அர்த்தம். நாமும் பானை வெந்தது, வேகவில்லை என்றுதானே சொல்கிறோம்? டெரகோட்டா என்பது இத்தாலிய வார்த்தை. சுட்ட மண் என்று பொருள். சுடுமண் என்கிற நம் வார்த்தையின் நேர் அண்ணன் தம்பி.

பெரியவர் வீட்டுச் சூளை திறந்த வெளிச் சூளை. அடுக்கி, விறகும் ஓலையும் வைக்கோலும் போட்டு, மேலே மண் பூசி மூடுவார்கள். இந்த மாதிரிச் சூளைகளில் சூடு சுமார் 700 முதல் 900 டிகிரி வரைக்கும் போகும். எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைத் தணலின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். கல்லூரியில் அதற்குக் கோன் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். 1886-ல் ஜெர்மனியில் ஹெர்மன் சேகர் என்பவர் கண்டுபிடித்தது. சின்னக் கூம்பு. குறிப்பிட்ட சூடு வந்ததும் தலை சாயும். நண்பர் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பெரியவர் அதை வெகு நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா இருக்கு. கண்ணு தெரியாமப் போனப்புறம் எனக்கு இது வேணும்" என்றார்.

பானையின் உறுப்புகளுக்கு வந்தபோது மாணவர்கள் தாங்களாகவே விடை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். லிப், நெக், ஷோல்டர், பெல்லி, ஃபுட் என்று இங்கிலீஷ்காரன் சொல்கிறான். வாய், கழுத்து, வயிறு, அடி என்று நாம் சொல்கிறோம். பானையைப் பார்த்தால் எந்த ஊர் மனிதனுக்கும் தன் உடம்புதான் ஞாபகம் வருகிறது போல. கொள்ளிக்குடத்தில் துவாரம் போட்டு, தண்ணீர் ஒழுக ஒழுகச் சுற்றி வந்து, கடைசியில் போட்டு உடைக்கிறோமே, அது எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

*

எல்லா வார்த்தைக்கும் தமிழ் கிடைத்துவிடவில்லை. கிளேஸுக்குக் கிடைக்கவில்லை. நம் ஊர்ப் பானைக்காரர்கள் காவி மண்ணைக் கரைத்துப் பூசி, தேய்த்து மெருகேற்றுவார்களே தவிர, கண்ணாடி மாதிரி மேல்பூச்சு போடுவதில்லை. வேலை இல்லாத இடத்தில் வார்த்தை எப்படி இருக்கும்? 'நீங்க ஸ்டோன்வேர் செய்யறதுண்டா' என்று கேட்டால் பெரியவர் எங்கே போவார்? அதற்கு 1,200 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-ல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அங்கே பழகி வந்தவர்கள் இன்று அந்த வட்டாரம் முழுக்கப் பட்டறை வைத்திருக்கிறார்கள். அந்த வேலையோடு அந்த வார்த்தைகளும் வந்தன. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பீங்கான் என்று வாய் நிறையச் சொல்கிறோமே, அது பாரசீகத்திலிருந்து வந்தது. காவோலின் என்று இங்கிலீஷில் சொல்கிற வெள்ளைக் களிமண், சீனாவில் ஒரு மலையின் பெயர். பானை மாதிரி வார்த்தையும் வண்டி ஏறிச் சந்தைக்குப் போய் வந்துகொண்டுதான் இருக்கும்.

பெரியவருக்குத்தான் சந்தேகம். "அது என்னத்தா, மேல பளபளன்னு கண்ணாடி கணக்கா இருக்கே, அது எப்படி ஒட்டுது?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

அவள் சொன்னாள். "கண்ணாடியேதான் தாத்தா. மணல்ல இருக்கிற சத்தை நைசா அரைச்சு, அது உருகறதுக்குச் சாம்பல் மாதிரி ஒண்ணைச் சேர்த்து, தண்ணியில கரைச்சு, ஒரு தடவை வெந்த பானையில முக்கி எடுப்போம். வெந்த பானை தண்ணியை 'சர்'ருனு உறிஞ்சிக்கும். மாவு மேல நின்னுடும். மறுபடி சூளை வச்சா அது உருகிக் கண்ணாடியாயிடும். அதான் கிளேஸ்."

"சாம்பலா?"

"ஆமா தாத்தா. விறகுச் சாம்பல்லயே செய்யலாம்."

"நம்ம சூளையில அள்ளிக் கொட்டுற சாம்பலா?"

"அதேதான்."

பிஸ்க், கிளேஸ், ஸ்டோன்வேர் என்று பரீட்சையில் அவள் விட்டுவிட்டு வந்த வார்த்தைகளை எல்லாம் தாத்தாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நண்பர் சத்தம் போடாமல் என் தோளைத் தட்டினார். மார்க் போட வேண்டும் என்றால் அப்போதுதான் போட்டிருக்க வேண்டும்.

*

திரும்பும்போது மதுரைக்கு பஸ் ஏறி, வழியில் கீழடியில் இறங்கினோம். 2023-ல் திறந்த அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. கறுப்பும் சிவப்புமான பானைகள், உறைகிணற்றின் உறைகள், பெயர் கீறிய ஓடுகள். ஆதன், குவிரன் என்று தமிழியில் எழுதியிருக்கிற ஓடுகளைப் பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். ஓட்டில் எழுத்து கிடைத்ததும் தொல்லியல்காரர்கள் கேட்கிற முக்கியமான கேள்விகளில் ஒன்று, இது பச்சையில் கீறியதா, சுட்ட பிறகு கீறியதா என்பது. பச்சை ஈரத்தில் கீறினால் கோட்டின் ஓரத்தில் மண் மெத்தென்று ஒதுங்கி நிற்கும். சுட்ட பிறகு கீறினால் ஓரம் பொரிந்து பொடியாக இருக்கும். பச்சையில் கீறியது என்றால் செய்கிற இடத்திலேயே எழுதியது. சுட்ட பிறகு என்றால் பானையை வாங்கிக்கொண்டு போனவர் எழுதியிருக்கக்கூடும். அந்த ஊரில் யாருக்கெல்லாம் எழுதத் தெரியும் என்ற பெரிய விஷயத்துக்கு, பச்சை, சுட்டது என்ற இரண்டு பானைக்கார வார்த்தைகள் சாட்சி சொல்கின்றன.

புறநானூற்றில் ஒரு பாட்டு உண்டு. கணவனைப் பறிகொடுத்த பெண் ஒருத்தி, அவனைப் புதைக்கிற தாழியைத் தனக்கும் இடம் இருக்கிற மாதிரி அகலமாகச் செய்யச் சொல்கிறாள். அவள் பேசுவது அரசனிடமோ தெய்வத்திடமோ அல்ல. பானை செய்கிறவரிடம். அவரைக் 'கோ' என்று கூப்பிடுகிறாள். பானை செய்கிறவரை வேட்கோ என்பது சங்கத் தமிழ். அந்த வார்த்தை இருந்த ஊரில், அப்பா தொழில் என்ற கட்டத்தில் ஒரு பெண் 'கூலி' என்று எழுதுகிறாள். இடையில் என்ன நடந்தது என்று யோசித்தால் தூக்கம் வராது.

வார்த்தையைக் காப்பாற்றினால் மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மண் வேண்டும். கண்மாயில் மண் எடுக்க அனுமதிக்காக அலைந்த கதையைப் பெரியவர் அரை மணி நேரம் சொன்னார். 2024-ல் அரசாங்கம் விதியைத் தளர்த்தி, தாசில்தார் அளவிலேயே அனுமதி வாங்கலாம் என்று ஆக்கியிருக்கிறது. நல்ல காரியம். ஆனால் வீடும் பிளாட்டும் வந்துவிட்ட கண்மாயில் எந்தத் தாசில்தார் அனுமதி கொடுத்தும் பிரயோஜனம் இல்லை.

நாங்கள் தயாரித்த பட்டியல் இப்போது நண்பரின் துறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. மூன்று பத்தி. முதலில் இங்கிலீஷ் வார்த்தை, தமிழ் எழுத்தில். இரண்டாவது நம் வார்த்தை. மூன்றாவது, 'கை என்ன செய்யணும்?' இந்த மூன்றாவது பத்தி அந்தப் பெண்ணின் யோசனை. முழுவதும் அவள்தான் எழுதினாள். டி.சி. பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை. லீவுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவுக்குச் சாம்பலில் கிளேஸ் கரைக்கக் கற்றுக்கொடுத்தாளாம். ஊர்ச் சூளையின் சூட்டுக்கு அது சரியாக உருகவில்லை. "வேற கலவை போடணும் சார், பார்த்துக்கிட்டிருக்கேன்" என்று நண்பரிடம் சொல்லியிருக்கிறாள்.

பட்டியலில் இரண்டாவது பத்தியில் சில கட்டங்கள் இன்னும் காலியாக இருக்கின்றன. உங்கள் ஊரில் பானை செய்கிற தெரு இருந்தால், ஒரு நாள் போய் ஒரு சட்டியோ, கார்த்திகைக்குப் பத்து அகலோ வாங்குங்கள். விரலால் சுண்டிப் பாருங்கள். கணீர் என்றால் நன்றாக வெந்தது. பிறகு, பேரம் பேசுகிற நேரத்தில், உள்ளே பிடிக்கிற அந்தக் கல்லுக்கு உங்க பக்கம் என்ன பேரு, வெளியே தட்டுகிற பலகைக்கு என்ன பேரு என்று கேளுங்கள். கேட்டதை இந்தப் பக்கத்துக்கு ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். அவளிடம் சேர்த்துவிடுகிறேன்.